உலக வண்ணங்களுக்கு நம் ஊர்த் தரை



கடலூரிலும் சிதம்பரத்திலும் அடுக்குமாடி வீடுகள் பெருகிவருகின்றன. புதுவீடு வாங்கும் இளங்குடும்பங்கள் பலவற்றுக்கும் ஓர் ஆசை: துருக்கி விரிப்பு, மொராக்கோ விளக்கு, ஜப்பான் கிண்ணம் என்று உலகத்து வண்ணமெல்லாம் தங்கள் வீட்டில் இருக்க வேண்டும். நல்ல ஆசைதான். ஆனால் அந்த வண்ணங்களை நம் கரையிலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

ஏனென்றால், ஒரு காலத்தில் உலகத்து வீடுகளுக்கு வண்ணம் கொடுத்ததே இந்தச் சோழமண்டலக் கரைதான். கடலோர மணலில் விளைந்த சாயவேர் சிவப்பைத் தந்தது. அவுரி நீலத்தைத் தந்தது. அந்தச் சாயமேறிய பருத்தித் துணிகள் ஐரோப்பாவில் கட்டில் விரிப்பாகவும் சன்னல் திரையாகவும் தொங்கின. 1690இல் ஆங்கிலேயர் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து வாங்கினார்களே, அவர்கள் இங்கே தேடிவந்த சரக்குகளில் துணிக்குத்தான் முதலிடம். இந்தத் துணிகள் மீது ஐரோப்பிய மக்களுக்கிருந்த மோகத்தைக் கண்டு அங்குள்ள நெசவாளர்கள் கொதித்தார்கள். பிரான்ஸ் 1686இல் இவற்றுக்குத் தடை போட்டது. இங்கிலாந்து 1700இலும் 1721இலும் இவற்றைத் தடுக்கச் சட்டம் இயற்றியது.

வெளியூர்ப் பொருளை நம் வீட்டில் பொருத்தவும் நம்மவர்களுக்குத் தெரியும். சிதம்பரத்தில் 1929இல் பல்கலைக்கழகம் நிறுவிய அண்ணாமலை செட்டியாரின் செட்டிநாட்டைப் பாருங்கள். பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் அங்குள்ள வீடுகளுக்குள் வந்தன. ஆனாலும் முற்றமும் திண்ணையும் தமிழ் வீட்டின் அமைப்பிலேயே நின்றன. அதனால்தான் எதுவும் அந்நியமாகத் தெரிவதில்லை.

சரி, இரண்டு படுக்கையறை வீட்டில் என்ன செய்யலாம்?

சுவர் வெளிர்நிறமாக இருக்கட்டும். வண்ணத்தைத் தரைக்கும் துணிக்கும் கொடுங்கள். கூடத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல் போடலாம். சூளையில் சுடாமல், கண்ணாடிப் பலகை மேல் கையால் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துச் செய்வது அது. புழங்கப் புழங்க மெருகேறும்; ஆசிட் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். தரையில் இருக்கும் இரண்டு மூன்று நிறங்களையே திரையிலும் மெத்தை உறையிலும் திரும்பக் கொண்டுவந்தால், எந்த நாட்டுப் பொருளை வைத்தாலும் ஒட்டிக்கொள்ளும்.

திரைக்கு நம் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடிக் கைலித் துணியை நினைத்துப் பாருங்கள். அந்தக் கட்டங்கள் எந்த நாட்டு அறைக்கும் பொருந்தும், துவைக்கவும் எளிது. குழந்தைகளின் அலமாரியில் ரஷ்யப் பொம்மைக்குப் பக்கத்தில் கடலூர் வண்டிப்பாளையத்து மண்பொம்மை ஒன்று இருக்கட்டும்.

நம் பருவத்தையும் மறக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தடித்த கம்பளம் பூஞ்சை பிடிக்கும். கோரைப்பாய் சுருட்டி வைக்க வசதி. உப்புக்காற்றில் இரும்பு அலங்காரம் துருப்பிடிக்கும். பித்தளை என்றால் துலக்கிக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்கிக் குவிக்காதீர்கள். சிங்கப்பூரிலிருந்து அத்தை கொண்டுவந்த துணியும், பயணத்தில் பிள்ளைகள் தேர்ந்தெடுத்த தட்டும் ஒவ்வொன்றாகச் சேரட்டும். ஆனால் முதல் திரைத்துணியை வாங்கப் போகும்போது கைத்தறிக் கூட்டுறவுக் கடையில் ஏறிப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு வண்ணம் கிடைக்கும். நம் மாவட்டத்துத் தறி ஒன்றுக்கு வேலையும் கிடைக்கும்.