பால் காய்ச்சாத வீட்டுக்கு வாடகையா?

ஈப்போ பழைய நகரத்துக் கோப்பிக்கடையில் வாடகை ஒப்பந்தம் கையெழுத்தாவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வேகம் தெரியும். வெள்ளைக் காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். ஏஜெண்டு பக்கங்களை விரலால் தள்ளிக்கொண்டே போவார். "இங்க ஒரு சைன், இந்த மூலைல ஒரு சைன், ஐசி நம்பர் போடுங்க." படித்துப் பார்க்கிறேன் என்றால், "எல்லாருக்கும் இதே அக்ரிமெண்டுதான்" என்பார். பணம் கைமாறும். சாவி அடுத்த மாதம் முதல் தேதி.

சிக்கல் வருவது அந்த இடைப்பட்ட நாட்களில்தான். வேலை கோலாலம்பூருக்கு மாறிவிடுகிறது. கல்யாணம் தள்ளிப் போகிறது. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, புந்தோங்கில் அண்ணன் வீட்டோடு இருந்துவிடலாம் என்று முடிவாகிறது. அப்போது எழும் கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "இன்னும் பால்கூடக் காய்ச்சல, சாவியும் வாங்கல. வேணாம்னு சொன்னா பணத்தைக் குடுத்துடுவாங்கல்ல?"

இந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. பேராக் தமிழர்களில் பலருடைய தாத்தா பாட்டி வாழ்ந்தது தோட்டத்து லயத்தில். அங்கே குடியேறக் காகிதம் கிடையாது. பால்வெட்டு வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போகும். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் தெருவுக்கு வந்தன. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கியதற்குக் காரணமே அந்த நெருக்கடிதான். வீடு என்பது வாய்ச்சொல்லில் வந்து வாய்ச்சொல்லில் போன தலைமுறை அது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று பெர்ச்சாமிலும் குனோங் ராப்பாட்டிலும் கையெழுத்துப் போட்டு வீடு எடுக்கிறார்கள்.

கையெழுத்துக்கு வேறு கணக்கு. மலேசியாவில் வீட்டு வாடகைக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவரப்போவதாக வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு பல ஆண்டுகளாகப் பேசிவருகிறது. இருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1997இல் நீக்கப்பட்டு, 1999 கடைசியோடு அதன் பாதுகாப்பு முடிந்தது. அதுவும் பழைய கட்டடங்களுக்கு மட்டுமே இருந்தது. ஆகவே வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையில் நிற்பது 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஒப்பந்தம் பிறந்துவிட்டது. சாவி, பால், மூட்டை முடிச்சு எதற்கும் அது காத்திருப்பதில்லை.

இரண்டு தவறான நம்பிக்கைகள் ஊரில் உலவுகின்றன. ஸ்டாம்பு அடிக்கும்வரை ஒப்பந்தம் செல்லாது என்பது ஒன்று. கையெழுத்திட்ட 30 நாளுக்குள் முத்திரை வரி கட்ட வேண்டும் என்பது உண்மை. கட்டாத தாளை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது என்பதும் உண்மை. ஆனால் அபராதத்தோடு பிறகு கட்டினாலும் தாளுக்கு உயிர் வந்துவிடும். இன்னொன்று, சில நாளுக்குள் மனம் மாறினால் ரத்து செய்துகொள்ளலாம் என்பது. வீடு தேடி வந்து தண்ணீர் வடிகட்டி விற்பவரிடம் அது நடக்கும். 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம் அந்தச் சலுகையைத் தருகிறது. வாடகை வீட்டுக்கு அப்படி எதுவும் இல்லை.

புக்கிங் பணம் மட்டும் கட்டியிருந்தால் நிலைமை கொஞ்சம் இலகு. பெரும்பாலும் ஒரு மாத வாடகை. விலகினால் அந்தப் பணம் போகும், அதோடு சரி. இங்கிலாந்தில் இப்படிப் பிடித்துவைக்கும் பணம் ஒரு வார வாடகைக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2019இல் சட்டமே போட்டுவிட்டார்கள். இங்கே ஒரு மாதம் என்பது வெறும் பழக்கம்தான். பேரம் பேசலாம், ஆனால் யாரும் பேசுவதில்லை.

முழு ஒப்பந்தமும் கையெழுத்தான பிறகு விலகினால்? ஈப்போவில் மாதம் 1,000 ரிங்கிட் வாடகைக்கு ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாத டெபாசிட் 2,000, தண்ணீர் மின்சாரத்துக்கு 500, முதல் மாத வாடகை 1,000. ஆக 3,500 வெள்ளி வீட்டுக்காரர் கையில். ஒப்பந்தத்தில், இடையில் விலகினால் டெபாசிட் பறிமுதல், மிச்சமுள்ள மாத வாடகையும் கட்ட வேண்டும் என்று இருக்கும். இதைப் படித்தவுடன் பலர் பயந்துபோய், குடியிருக்காத வீட்டை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

எழுதியிருப்பதெல்லாம் அப்படியே செல்லுமா என்பதைக் கூட்டரசு நீதிமன்றம் இரண்டு முறை அலசியிருக்கிறது. 1995இல் வந்த வழக்கு ஒரு டாக்டரின் கிளினிக் விற்பனை பற்றியது. ஒப்பந்தத்தில் தொகை எழுதியிருந்தால் மட்டும் போதாது, நட்டத்தை நிரூபிக்க வேண்டும் என்றது தீர்ப்பு. நிரூபிக்காததால், உண்மையான முன்பணம் தவிர மீதியைத் திருப்பித் தரச் சொன்னது. 2018இல் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் திசையைச் சற்று மாற்றியது. ஒவ்வொரு காசு நட்டத்தையும் நிரூபிக்கத் தேவையில்லை. தொகை நியாயமாக இருந்தால் போதும். நியாயமில்லை என்று காட்டும் சுமை ஒப்பந்தத்தை மீறியவருடையது. இந்த மாற்றம் வீட்டுக்காரருக்குச் சாதகமானது. ஆனாலும் 'நியாயமான இழப்பீடு' என்ற எல்லை அப்படியே இருக்கிறது.

அந்த எல்லைதான் விலகுபவருக்குப் பிடி. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவின் விளக்கம், நட்டத்தைக் கணக்கிடும்போது அதைத் தவிர்க்க என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்கச் சொல்கிறது. வீட்டுக்காரர் மூன்று வாரத்தில் வேறு ஆளை வைத்துவிட்டால், அவருக்குப் போனது ஏறக்குறைய 750 வெள்ளி வாடகை, விளம்பரச் செலவு, ஏஜெண்டு கூலி. இரண்டு ஆண்டு வாடகை 24,000ஐ அவர் கேட்டால் எழுத்தில் இருந்தாலும் எடுபடுவது கடினம். இரண்டு மாத டெபாசிட்டை மட்டும் பிடித்துக்கொண்டால், அதை அதிகம் என்று வாதாடுவதும் சுலபமில்லை. நடைமுறையில் பேச்சுவார்த்தை முடிவது இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோதான்.

எனவே விலகுவது என்று முடிவெடுத்தவர் அன்றைக்கே சொல்ல வேண்டும், அதுவும் எழுத்தில். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான். கடிதமும் சேர்ந்தால் நல்லது. "வேற ஆள நானே பாத்துத் தரேண்ணே" என்று சொல்லிப் பார்த்தால், பாதி வீட்டுக்காரர்கள் இறங்கி வருவார்கள். அவர்களுக்கும் வழக்கு வேண்டாம், வாடகை வந்தால் போதும். வீட்டுக்காரரே சாவியைக் குறித்த நாளில் தரவில்லை என்றாலோ, கூரை ஒழுகுவதை மறைத்து ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார் என்றாலோ கதை வேறு. அங்கே பணத்தைத் திருப்பிக் கேட்க வாடகைக்கு எடுத்தவருக்கு உரிமை உண்டு.

பேச்சு முறிந்தால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு இருக்கிறது. வரம்பு 5,000 ரிங்கிட். மேலே சொன்ன 3,500 அதற்குள் அடங்கிவிடும். வழக்கறிஞர் தேவையில்லை. 198ஆம் எண் பாரத்தை நிரப்பி, ஒப்பந்தத்தின் நகல், பணம் கட்டிய ரசீது, அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். விலகிய வீட்டுக்கு இணையத்தில் மறுபடி விளம்பரம் வந்தால், தேதி தெரியும்படி அதைப் படம் பிடித்துவைத்துக்கொள்வது அவசியம்; வீடு எத்தனை நாள் காலியாகக் கிடந்தது என்று நீதிபதி கேட்கும்போது காட்ட அதுதான் கையில் இருக்கும்.