நெஞ்சு நோவெல்லாம் இருதய நோவா?

(வாசகசாலை ஒன்றில் செய்த சொற்பொழிவு)



நான் டாக்டரல்ல. ஐந்தாவது வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தவனுமல்ல. அப்படியிருக்க இவன் நெஞ்சு வலியைப் பற்றிப் பேச வந்ததேன் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். எனக்கு நெஞ்சு வலி வந்தது. அதனால் தேடிப் படித்தேன். அவ்வளவுதான்.

சென்ற வருஷம் புத்தக மூட்டைகளைத் தூக்கி வண்டியிலேற்றினேன். மறுநாள் காலையில் மார்பின் இடப்பக்கம் ஊசி குத்துவது போல வலி. மூச்சை இழுத்தால் குத்து, இருமினால் குத்து, புரண்டு படுத்தால் குத்து. இருதயந்தான் கெட்டுவிட்டதென்று நானும் பயந்தேன். வீட்டிலுள்ளோர் வாயுப் பிடிப்பு என்றார்கள். எதிர்வீட்டு அம்மாளோ உப்பையும் மிளகாயையும் எடுத்துக்கொண்டு கண்ணேறு கழிக்கவே வந்துவிட்டார்கள்! ஆஸ்பத்திரிக்குப் போனேன். இ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தத்தைச் சோதித்தார்கள், இருதயத்தில் பழுதில்லை. பிறகு டாக்டர் என் மார்பெலும்பின் ஓரத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். "ஐயோ" என்று கத்திவிட்டேன். "இதுதானே உம்முடைய வலி?" என்றார். அதே வலிதான். விலா எலும்பும் குருத்தெலும்பும் கூடுகிற இடத்தில் அழற்சி என்றார்.

தோழர்களே! நெஞ்சு என்றால் நமக்கு இருதயம் ஒன்றுதான் ஞாபகத்துக்கு வருகிறது. அதைச் சுற்றி ஒரு கூடு இருப்பதை மறந்துவிடுகிறோம். பக்கத்துக்கு 12 ஆக 24 விலா எலும்புகள். மேலுள்ள 7 ஜோடி தத்தம் குருத்தெலும்பினால் நேரே மார்பெலும்போடு சேருகின்றன. அடுத்த 3 ஜோடி தமக்கு மேலுள்ள குருத்தெலும்பைப் பற்றிக்கொண்டிருக்கின்றன. கடைசி 2 ஜோடி முன்பக்கத்தில் எதையும் பற்றுவதில்லை. (ஆணுக்கு ஒரு விலா குறைவு என்று வேதப் புத்தகத்தைக் காட்டி நம்பியிருந்தவர்கள் உண்டு. வெசாலியஸ் என்பார் பிணங்களை அறுத்துப் பார்த்து, இருபாலாருக்கும் ஒரே கணக்குத்தான் என்று 1543-லேயே எழுதிவிட்டார். எண்ணிப் பார்ப்பதற்கு அத்தனை காலம் ஏன் பிடித்ததோ!)

கை முறிந்தால் கட்டுப் போட்டு ஓய்வு கொடுக்கலாம். விலாவுக்கு ஓய்வேது? நிமிஷத்துக்கு 15 மூச்சென்றால் நாளொன்றுக்கு 21,600 தடவை அது ஏறி இறங்குகிறது. யோக நூல்களும் இதே எண்ணைத்தான் சொல்லுகின்றன. சரியான கணக்கை யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளுவதில் நமக்கென்ன நஷ்டம்? ஆகவேதான் இந்த வலி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கிறது. பாரம் தூக்குவது, ஓயாத இருமல், அடிபடுவது இவற்றால் வரும். காரணமே தெரியாமலும் வரும். வலித்த வேலையைக் கொஞ்ச நாள் நிறுத்துவது, வெந்நீர் ஒத்தடம், டாக்டர் சொல்லுகிற வலி மாத்திரை, இவையே சிகிச்சை.

விஷக்கிருமியாலும் மார்புத் தசைகளில் கொடிய வலி வருவதுண்டு. 1888-ல் அமெரிக்காவில் வர்ஜீனியா நாட்டில் அது பரவியபோது அங்குள்ளவர்கள் வைத்த பெயரென்ன தெரியுமா? பிசாசின் பிடி! நமக்கு வாயு பிடிக்கிறது, அவர்களைப் பிசாசு பிடித்தது. காக்ஸாக்கி என்னும் வைரஸ் வகையே பெரும்பாலும் இதைச் செய்கிறதென்று பிற்காலத்தில் கண்டார்கள்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "அப்படியானால் நெஞ்சு வலித்தால் பயமில்லை" என்று யாரும் வீட்டுக்குப் போய்விடக் கூடாது. எங்கள் தெருவில் ஒரு தையற்காரர் இருந்தார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. ஒரு நாள் இரவு, மார்பின்மேல் அம்மிக்கல்லை வைத்தது போலிருக்கிறதென்றார். உடம்பெல்லாம் வியர்வை, இடது கையில் குடைச்சல். ஓமத்தண்ணீரும் சோடாவும் கொடுத்தார்கள், முதுகில் தைலம் தேய்த்தார்கள், விடிந்து பார்த்துக்கொள்ளலாமென்றார்கள். அவருக்கு விடியவில்லை. விதி முடிந்ததென்று மறுநாள் பேசிக்கொண்டார்கள். விதியா? ஆஸ்பத்திரி இரண்டு மைல் தூரத்தில் இருந்தது! அன்றிரவு அங்கே நின்றவர்களில் நானும் ஒருவன். நானும் வாயு என்றுதான் நினைத்தேன்.

ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி, அழுத்தினால் மிகுகிற வலி, அசைந்தால் குத்துகிற வலி பெரும்பாலும் எலும்பையும் தசையையும் சேர்ந்தது. நெஞ்சை இறுக்கி, கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவி, வியர்வையும் மூச்சுத்திணறலும் குமட்டலும் கூட வருவது, நடந்தால் மிகுந்து நின்றால் தணிவது, இவை இருதயத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். இந்த அடையாளங்களும் தப்பக்கூடும். நீரிழிவுக்காரர்களுக்கும் வயது சென்றவர்களுக்கும் பெண்களுக்கும் பெரிய வலியே இல்லாமலும் மாரடைப்பு வருவதுண்டு. அழுத்தினால் நோகிறவனுக்கும் வருவதுண்டு. அதனால்தான் எனக்கும் முதலில் இருதயத்தைச் சோதித்துவிட்டுப் பிறகு விரலை வைத்தார்கள். புதிதாக நெஞ்சு வலி வந்தால் எலும்பா இருதயமா என்ற தீர்ப்பை நாமே சொல்லிக்கொள்ளாமல் 108 வண்டியைக் கூப்பிட வேண்டும்.

டாக்டர் தோழர் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நான் தவறாகச் சொல்லியிருந்தால் அவர் எழுந்து திருத்தலாம். தாய்மார்கள் முதலில் கேள்வி கேட்கட்டும்.