செங்கேணி கற்பிக்கும் பாடம்
(டயகமவில் ஆற்றிய உரை)



2021இல் வெளிவந்த 'ஜெய் பீம்' படத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகின்றோம். த. செ. ஞானவேல் இயக்கிய அப்படம் வெறுங் கற்பனையன்று. 1993இல் தமிழ்நாட்டில் எழுந்த வழக்கொன்றைத் தழுவியது. எலியும் பாம்பும் பிடித்து முன்னோர் வழியில் வாழும் இருளர் குடியில் ஒருவன்மீது நகைத் திருட்டுப் பழி விழுகிறது. காவலிலிருந்து அவன் தப்பியோடினான் என்கின்றனர் பொலிஸார். சூல்கொண்ட மனைவி செங்கேணி, கணவன் எங்கே என்று கேட்டு நீதிமன்றம் ஏறுகிறாள்.

வழக்கறிஞரின் வாதத்திறனை யாவரும் புகழ்வர். நாமோ செங்கேணியைப் புகழ்வோம். பணம் பெற்று வழக்கைக் கைவிடும்படி கேட்டபோது அவள் மறுத்தாள். அம்மறுப்பு இல்லையேல் ஆட்கொணர்வு மனுவும் வெறுங் கடதாசியே!

இது நமக்கு அயலூர்க் கதையா? 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றோராக்கியது. எஞ்சியோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆயிற்று. 2021 யூலையில், டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டுவேலைக்குச் சென்ற சிறுமி ஒருத்தி தீக்காயங்களால் மாண்டாள்.

துயரைத் துரையிடம் சொல்லி அடங்கிப்போவது பழைய வழக்கம். முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்துப் பிரதியைப் பத்திரப்படுத்துவதே புதிய வழி. காவலில் ஒருவர் மறைந்தால் ஆட்கொணர்வு மனுவை ஏற்கும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 141ஆம் உறுப்புரை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அளித்துள்ளது.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள். அநீதிக்கு விலை பேசாதீர்கள். சட்டத்தரணிகள் மலையேறி வரட்டும். நீங்கள் மனுவோடு முன்வாருங்கள்!