பாதை அடைபட்டால் ரயில் என்ன செய்யும்?



தீபாவளிக்கு உறவினர் வீட்டுக்கு ரயிலில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். நடு இரவில் ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நின்றுவிடுகிறது. அரை மணி ஆகிறது. ஒரு மணியும் ஆகிறது. நகரக் காணோம். மடியில் பிள்ளை அழுகிறது. பக்கத்தில் இருப்பவர், "பாதை காலியாகத்தானே கிடக்கிறது? இந்த டிரைவர் ஏன் வண்டியை எடுக்க மாட்டேன் என்கிறார்?" என்று சலித்துக்கொள்கிறார்.

அவர் ஏன் எடுப்பதில்லை என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். ரயிலில் போகிறவர்களைவிட, தண்டவாளத்திற்குப் பக்கத்தில் குடியிருக்கும் குடும்பங்களே இதை அதிகம் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் காரணம் பேச்சின் முடிவில் உங்களுக்கே விளங்கும்.

நம் நாட்டில் முதல் ரயில் 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. அதன்பின் நீண்ட பாதைகளில் காடு வெட்டி, மண் கொட்டி, சிலிப்பர் கட்டை சுமந்தவர்களில் நம் முன்னோர்கள் ஏராளம். அன்று போட்டவை பெரும்பாலும் ஒற்றைப் பாதைகள். கிம்மாசிலிருந்து தும்பாட் வரை செல்லும் கிழக்குக் கரைப் பாதை இன்றும் அப்படித்தான். போகிற வண்டிக்கும் வருகிற வண்டிக்கும் அங்கே ஒரே தண்டவாளம்.

சாலையில் எதிரே லாரி வந்தால் நாம் ஒதுங்கிக்கொள்ளலாம். ரயிலால் ஒதுங்க முடியாது. பிரேக் போட்டாலும் பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும். ஆகவே ரயில்வேயின் தலையாய விதி இது: இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையே உள்ள ஒற்றைப் பாதையில், ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான் இருக்கலாம்.

இதைக் காப்பாற்ற அக்காலத்தில் 'டோக்கன்' என்ற ஓர் உலோகத் துண்டை வைத்தார்கள். இரண்டு ஸ்டேஷன்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு பெட்டியிலிருந்து ஒரு டோக்கனை எடுத்துவிட்டால், அது திரும்பிப் பெட்டிக்குள் போகும்வரை இரண்டு பக்கமும் வேறு டோக்கன் வெளியே வராது. டோக்கன் கையில் இருந்தால்தான் டிரைவர் வண்டியை எடுக்கலாம். பெரிய வளையத்தில் அதை மாட்டி, ஓடுகிற வண்டியிலேயே கைமாற்றிக்கொள்வார்கள். சிங்கப்பூரின் புக்கிட் தீமா ஸ்டேஷனில் 2011ஆம் ஆண்டு வரை இந்தக் காட்சியைப் பார்க்க முடிந்தது.

இவ்வளவு கட்டுக்காவல் இருந்தும் மனிதன் கவனம் தவறினால் என்ன ஆகும்? 1921ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள், பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஏபர்மூல் என்ற சிறு ஸ்டேஷனுக்கு ஒரு வண்டி வந்தது. அது கடந்து வந்த பாதைக்கான டோக்கனை ஒரு பையன் வாங்கி ஸ்டேஷன் பொறுப்பாளரிடம் கொடுத்தான். அவரோ அது அடுத்த பாதைக்கான டோக்கன் என்று எண்ணி, திருப்பி டிரைவரிடமே கொடுத்துவிட்டார். அதில் எந்த ஊர்ப் பெயர் எழுதியிருக்கிறது என்று ஒருவருமே படித்துப் பார்க்கவில்லை. வண்டி புறப்பட்டது. எதிரே விரைவு வண்டி வந்துகொண்டிருந்தது. 17 பேர் மாண்டார்கள். ஒரே ஒருவர், ஒரே ஒரு முறை, அந்தப் பெயரைப் படித்திருந்தால் போதும்.

நேயர்களே, இது சாதாரண நாளில் நடந்தது. அவசர காலத்தில் ஆபத்து இன்னும் அதிகம். மழைக்காலத்தில் மண் சரிகிறது, மரம் சாய்கிறது, பாலம் போகிறது. 2014ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் கிளந்தானில் கெமுபு ரயில் பாலத்தை ஆறு அடித்துச் சென்றது நினைவிருக்கும். ஒற்றைப் பாதை துண்டுபட்டால் வண்டியைத் திருப்பிவிட வேறு வழியில்லை; நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் இரட்டைப் பாதையில் ஒன்று அடைபட்டால், இரு திசை வண்டிகளையும் மீதமுள்ள ஒரே பாதையில் விடலாம். அப்படி விடும்போது பின்பற்றுவதற்கென்று பழைய பிரிட்டிஷ் முறை சில விதிகளை வகுத்தது.

முதலாவது, நிறுத்துவது. வழி கண்டுபிடிப்பதற்கு முன்னால் இரு பக்கத்து வண்டிகளையும் நிறுத்த வேண்டும். கார்டு சிவப்புக் கொடியோ சிவப்பு விளக்கோ எடுத்துக்கொண்டு ஓடுவார். தண்டவாளத்தில் வெடிவில்லைகளை வைப்பார். சக்கரம் ஏறியதும் வெடிக்கும். சத்தம் கேட்ட டிரைவர் வண்டியை நிறுத்துவார்.

இரண்டாவது, பேசி எழுதிக்கொள்வது. இரண்டு ஸ்டேஷன்களும் செய்தியைச் சொல்லி, திருப்பிச் சொல்லி, நேரத்தோடு எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஒரே ஆளை நியமிப்பது. அவருக்குப் 'பைலட்மேன்' என்று பெயர். கையில் சிவப்புப் பட்டை கட்டியிருப்பார். அவர் கூடவே ஏறி வர வேண்டும், அல்லது நேரில் வந்து அனுமதி கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த வண்டியும் அந்தப் பாதையில் நுழையக்கூடாது. ஒரு மனிதன் ஒரே நேரத்தில் இரண்டு முனையிலும் இருக்க முடியாதல்லவா? ஆகவே எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் புறப்பட வழியே இல்லை.

நான்காவது, தடம் மாற்றும் இடங்களைப் பார்த்துப் பூட்டுவது. கேட்காரர்களுக்குச் செய்தி சொல்வது. வண்டியை மெதுவாக ஓட்டுவது.

இந்த ஏற்பாடுகளில் ஓட்டை விழுந்தால் எப்படியிருக்கும் என்பதை இந்தியாவில் கண்டோம். 1999ஆம் ஆண்டு, பீகாரின் கிஷன்கஞ்ச் ஸ்டேஷனில் பாதை வேலை நடந்துகொண்டிருந்தது. வழக்கமான பாதுகாப்புப் பூட்டுகள் நீக்கப்பட்டிருந்தன. அங்கிருந்து சென்ற அவத் அசாம் விரைவு வண்டி தவறான தடத்தில் ஏறிவிட்டது. ஆகஸ்டு 2ஆம் நாள் பின்னிரவில், மேற்கு வங்காளத்தின் கைசால் என்ற இடத்தில் எதிரே வந்த பிரம்மபுத்திரா மெயிலோடு மோதியது. 280 பேருக்கும் மேல் இறந்தார்கள்.

இன்று கம்பியில்லாப் பேச்சும் கம்ப்யூட்டரும் பல இடங்களில் டோக்கனுக்கும் கைகாட்டிக்கும் பதிலாக வந்துவிட்டன. ஆனால் விதி அதேதான். உங்கள் வண்டி இருட்டில் காத்து நிற்கும்போது, யாரோ ஒருவர் அந்த விதியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இனி, நம் வீட்டுக்கு வருவோம். பள்ளிக்கோ கடைக்கோ தண்டவாளத்தின் வழியே குறுக்காக நடப்பவர்கள் உண்டு. "இந்தப் பாதையில் வண்டி வடக்கேயிருந்துதான் வரும், எனக்குத் தெரியும்" என்பார்கள். நேரத்தையும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். நான் இதுவரை சொன்னதை நினைத்துப் பாருங்கள். எங்கோ ஐம்பது மைலுக்கு அப்பால் ஒரு மரம் சாய்ந்தால் போதும், நேரமெல்லாம் மாறிவிடும். இரட்டைப் பாதையில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்தே வண்டி வரலாம். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மின்சார ரயில் ஒரு விநாடியில் 39 மீட்டர் தூரம் ஓடிவிடும். திரும்பிப் பார்க்கவும் நேரம் இருக்காது. ஆகவே தண்டவாளத்தில் நடக்கவே கூடாது. கடக்க வேண்டுமானால் கேட்டிலோ மேம்பாலத்திலோ கடக்க வேண்டும்.

பாதையில் மண் சரிந்ததையோ மரம் விழுந்ததையோ கண்டால் என்ன செய்வது? உடனே 999 எண்ணுக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ சொல்லுங்கள். எந்த ஊர், எந்தக் கேட்டுக்குப் பக்கம், கம்பத்தில் என்ன எண் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அதற்குள் வண்டி வந்துவிட்டால், தண்டவாளத்தை விட்டு விலகி நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுங்கள். இரவானால் விளக்கை வேகமாக ஆட்டுங்கள். டிரைவர் அதை ஆபத்து என்று புரிந்துகொள்வார். மின்சாரப் பாதையில் நீளக் கம்பிலே துணி கட்டி ஆட்ட வேண்டாம். மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. அந்தக் கம்பி அறுந்து கிடந்தால் கிட்டேயே போகாதீர்கள்.

இன்றிரவு சாப்பிட உட்காரும்போது பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவையுங்கள். நாளைக் காலையில் அவர்கள் எந்த வழியாகப் பள்ளிக்குப் போகிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.