கல்வராயன் கடுக்காயும் என் காலை ஆசனமும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஆசனம் போட்டுக் காட்டப் போறியா?" என்று முன்வரிசையிலிருந்து ஒருத்தன் கேட்கிறான். பயப்படாதேடா, வேட்டியோட அது நடக்காது. நான் பட்ட அவதியைத்தான் சொல்லப் போறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், புத்தகத்தைப் பார்த்து யோகம் ஆரம்பித்தேன். அக்கினி நட்சத்திரம். கள்ளக்குறிச்சி வெயில் உங்களுக்குத் தெரியாததா? அந்த வெயிலில் பஸ்திரிகா, கபாலபாதி என்று தினமும் இருநூறு எண்ணி மூச்சை அடித்தேன். கண் எரிந்தது, வாய்ப்புண் வந்தது, தூக்கம் போயிற்று. 'யோகம் செய்கிறவனுக்கு மாத்திரை எதுக்கு' என்று ரத்த அழுத்த மாத்திரையையும் நானாகவே நிறுத்திவிட்டேன். ஒருநாள் காலை தலை சுற்றி விழுந்தேன். டாக்டர் திட்டின திட்டு இன்னும் காதில் இருக்கிறது. மாத்திரை அன்றே திரும்ப வந்தது, இன்றும் தொடர்கிறது.

பிறகு, ஆயுர்வேதம் படித்த உறவுக்காரப் பெரியவர் ஒருவரிடம் போனேன். "மாப்ளே, உனக்குப் பித்த உடம்பு. காலமோ கோடை. நீ செஞ்சதோ சூடு ஏத்துற மூச்சு. அடுப்பு மேல அடுப்பு வெச்சா என்ன ஆகும்?" என்றார்.

அவர் எடுத்துக் காட்டியது வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம். நல்ல பலமும் எண்ணெய்ப் பசையுள்ள உணவும் உடையவன்கூட, குளிர்காலத்திலும் வசந்தத்திலும் தன் சக்தியில் பாதி அளவுதான் உடற்பயிற்சி செய்யலாம். மற்றப் பருவங்களில் அதற்கும் குறைவாக. அஜீரணக்காரர், குழந்தை, முதியவர் தவிர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஹடயோகப் பிரதீபிகையும் இதே புத்தியைத்தான் சொல்கிறது. கொழுப்பும் கபமும் மிகுந்தவனுக்கே ஆறு சுத்திக் கிரியைகள். மற்றவன் செய்ய வேண்டாம். கபாலபாதி அந்த ஆறில் ஒன்று! என்னைப் போன்ற ஒல்லி ஆளுக்கு அது எதற்கு?

சென்னையில் வாழ்ந்த கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) ஆயுர்வேதமும் அறிந்தவர். ஆளுக்குத் தகுந்தாற்போல் பயிற்சியை அமைத்துக் கொடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் அவர் பெயரால் யோக மந்திரம் நிறுவி அந்த வழியைத் தொடர்ந்தார். எல்லோரையும் மைதானத்தில் வரிசையாக உட்கார வைத்து ஒரே பயிற்சி கொடுப்பதில் எனக்கு இன்றுவரை மனம் ஒப்பவில்லை. ஜூன் 21 கூட்டங்களைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள், கொஞ்சம் குறைதான்.

இப்போது கோடையில் சீதலி, மெதுவான முன்வளைவு, நீண்ட சவாசனம். நெற்றி வியர்த்து, வாயால் மூச்சு வாங்கத் தொடங்கினால் நிறுத்திவிடுவேன். மார்கழியில் கொஞ்சம் சூரிய நமஸ்காரம். பசி வந்த பிறகே சாப்பாடு. கால் வயிறு காலி.

இரவில் கடுக்காய்ப் பொடி. நம் கல்வராயன் மலைவாழ் மக்கள் காட்டில் பொறுக்கிச் சேர்த்து விற்கிற அதே கடுக்காய்தான். தோல் பதனிடவும், சுண்ணாம்புக் காரையில் கலக்கவும் போகிற சரக்கு. பாவபிரகாசம் அதைப் பருவத்துக்கு ஒரு துணையோடு சாப்பிடச் சொல்கிறது: மழைக்காலத்தில் இந்துப்பு, கூதிரில் சர்க்கரை, முன்பனியில் சுக்கு, பின்பனியில் திப்பிலி, இளவேனிலில் தேன், முதுவேனிலில் வெல்லம். தேனும் அதே மலையில் கிடைக்கிறது. கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை ஏறி வாங்கி வருவேன்.

தம்பிகளுக்கு ஒன்று. மூலிகை என்று எழுதியிருக்கிற டப்பாவையெல்லாம் நம்பிவிடாதீர்கள். 2004-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேத மருந்துகளில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. முழுக் காயாக வாங்கி, தட்டிக் கொட்டையை எடுத்துவிட்டு, வீட்டிலேயே பொடியுங்கள். கர்ப்பிணிகள் தொட வேண்டாம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

வாசல் மேசையில் ஒரு பை கடுக்காய் வைத்திருக்கிறேன். போகும்போது ஆளுக்கு நாலு எடுத்துக்கொள்ளுங்கள். முன்வரிசைக்காரன் மட்டும் ரெண்டு.