ஊன்றிய கால்

(கல்விச் சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

"கலையும் அழகும்" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். அது பெருங்கடல். அக்கடலில் ஒரு கையளவு நீரை மட்டும் முகந்து காட்ட விரும்புகிறேன். ஆடுவோருடைய பாதங்களைச் சிற்பியரும் ஓவியரும் எவ்வாறு கண்டார்கள் என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

ஓவியம் கற்பிப்பவர் அனைவரும் அறிந்த செய்தி ஒன்று உண்டு. மாணவன் முதன்முதலாக மனித உருவம் வரையும்போது முகத்திற்கு ஒரு மணி நேரம் செலவிடுவான். கைவிரல்களுக்கு அரைமணி நேரம். பாதத்திற்கு வந்தவுடன் அங்கே திடீரெனப் புல் முளைத்துவிடும்! அல்லது வேட்டி தரை வரை நீண்டுவிடும். காரணம் எளிது. ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. குதிகால், உள்வளைவு, விரல்கள் ஆகிய மூன்றும் சேர்ந்து உடல் முழுவதையும் தாங்குகின்றன. முகத்தில் கோடு பிழைத்தால் அது வேறொருவர் முகமாகும். பாதத்தில் பிழைத்தாலோ ஆள் அந்தரத்தில் தொங்குவான்.

இன்னொரு காரணமும் உண்டு. பாதத்தை உற்று நோக்கும் பழக்கமே இந்நாட்டில் இல்லை. கடவுளுடையதாயின் அது திருவடி, தாமரை மலர். மனிதனுடையதாயின் இழிந்த உறுப்பு. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலம் சூத்திரர் பாதத்தினின்று பிறந்தோர் எனக் கூறிற்று. நம் முன்னோருக்கு அந்தப் பாதத்தில்கூட இடம் தரப்படவில்லை. ஊர்த் தெருவில் செருப்பைக் கையில் ஏந்தி நடந்த தலைமுறையினர் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். ஆதலால் பாதத்தின் அழகு என்று நான் சொல்லும்போது, இஃது என்ன விந்தை எனச் சிலர் எண்ணக்கூடும். ஆயினும் நம் மொழியைப் பாருங்கள். பாதமும் அடி; செய்யுளின் வரியும் அடி; பறையில் விழுவதும் அடி; மரத்தைத் தாங்கும் பகுதியும் அடி. மொழி மறக்காததை மக்கள் மறந்தார்கள்.

ஆடும் பாதத்தைக் கலைஞர் மறக்கவில்லை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராசர் செப்புத் திருமேனி இருக்கிறது. பாடல் பெற்றது தூக்கிய இடக்காலே. எனினும் சிற்பியின் கல்வியெல்லாம் ஊன்றிய வலக்காலில்தான் உள்ளது என்பது என் துணிபு. அக்காலின் முழங்கால் சற்றே மடிந்திருக்கிறது. விரிந்த கைகள், தூக்கிய கால் ஆகிய அனைத்தின் பாரமும் அம்மடிப்பின் வழியே இறங்கிப் பாதத்தில் வந்து சேர்கிறது. முழங்காலை நிமிர்த்திவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். இன்னும் மடித்தால் உருவம் சாய்ந்துவிடும். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இத்தகைய திருமேனிகளின் ஒளிப்படங்களை மட்டுமே கண்டு, 1913இல் வியந்து ஒரு கட்டுரை எழுதினார்; 1921இல் அது அச்சாயிற்று.

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்துள், மேல் தளத்தில் 108 கரணங்களைச் செதுக்கத் தொடங்கினார்கள். 81 முடிந்தன, எஞ்சிய கற்கள் இன்றும் வெறுமையாகவே இருக்கின்றன. அங்கே ஆடுபவர் சிவபெருமான். அதே கோயிலின் கல்வெட்டு, வெவ்வேறு தளிகளிலிருந்து கொணரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களையும், ஒவ்வொருவருக்கும் அளிக்கப்பட்ட வீட்டையும், ஆண்டுக்கு நூறு கலம் நெல்லையும் கூறுகிறது. ஆடிய பெண்களுக்குக் கல்வெட்டில் பெயர் கிடைத்தது. சிற்பத்தில் உருவம் கிடைக்கவில்லை. பின்னாளில் எழுந்த சிதம்பரம் கோபுரங்களில்தான் கரணங்களைப் பெண்ணுருவங்கள் ஆடுகின்றன. ஆனால் அவ்வுருவங்களுக்குக் களைப்பில்லை, வலியில்லை. ஆடி முடித்தபின் அவர்கள் எங்கே அமர்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார்கள் என்பதைக் கோபுரம் சொல்லாது.

அதைச் சொன்ன கலைஞர் ஒருவரைக் காண வேண்டுமாயின், ரோடின் வாழ்ந்த பாரிசு நகருக்கே செல்ல வேண்டும். அவருடைய காலத்தவராகிய எட்கார் தெகா (1834–1917) என்னும் ஓவியரே அவர்.

முதலில் அவருக்கு முன்னிருந்த நிலையைக் கூறுகிறேன். 1832இல் பாரிசு ஓபரா அரங்கில் மரீ தக்லியோனி என்னும் நடனமாது கால்விரல் நுனியில் நின்று ஆடி உலகை வியக்க வைத்தார். இக்காலத்தவர் அணியும் கெட்டி முனைச் செருப்பு அன்று இல்லை. மெல்லிய பட்டுச் செருப்பு; அதன் முனையிலும் ஓரத்திலும் ஊசியால் நெருக்கித் தைத்த தையல்; அவ்வளவே அவருக்குத் துணை. எஞ்சியது முழுவதும் தசையின் வலிமை. ஆனால் அவரை வரைந்து விற்ற அச்சுப் படங்களில் பாதம் குழந்தையின் பாதத்தைப் போலச் சிறுத்து, பூவின் மேலும் காற்றின் மேலும் நிற்கும். உழைப்பு முழுவதையும் அழித்துவிட்டு அழகை மட்டும் விற்றார்கள்.

தெகா அந்தப் பூவை அகற்றினார், தரையை வரைந்தார். அவருடைய ஒத்திகைக் கூட ஓவியங்கள் சிலவற்றில் ஒரு நீர்ப் பூவாளி கிடப்பதைக் காணலாம். மரத்தரையில் புழுதி எழாதிருக்க நீர் தெளிப்பார்கள். அதற்கான பூவாளி அது. பாதம் படும் இடத்தைப் பற்றி அத்துணைக் கவலை அவருக்கு! கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் 1895ஆம் ஆண்டளவில் அவர் வரைந்த நீண்ட ஓவியம் ஒன்று உள்ளது. நான்கு பெண்கள் குனிந்து அமர்ந்து தம் செருப்பின் நாடாவைச் சரிசெய்கிறார்கள். மேடை இல்லை, விளக்கு இல்லை, முகங்கள்கூடத் தெளிவாக இல்லை. கையும் காலும் சந்திக்கும் இடம் மட்டுமே அங்குப் பொருள். உழவர் ஏர் பூட்டுவதையும், நெய்வோர் இழை முடிவதையும் கண்டவர்களுக்கு அந்தக் குனிவு புதிதன்று.

ஓபராவில் ஆடிய சிறுமியர் பலர் ஏழைகளின் மக்கள். மக்கள் அவர்களை 'எலிக்குஞ்சுகள்' என அழைத்தார்கள். அவர்களுள் ஒருத்தி மரீ வான் கோதெம். பெல்ஜியத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். தந்தை தையற்காரர், தாய் சலவைத் தொழிலாளி. அச்சிறுமியை நிறுத்தி, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் மெழுகுச் சிலையொன்றைத் தெகா செய்தார். அதற்கு உண்மையான கூந்தல், துணிப் பாவாடை, துணிச் செருப்பு ஆகியவற்றை அணிவித்து 1881இல் காட்சிக்கு வைத்தார். 'பதினான்கு வயதுச் சிறு நடனக்காரி' என்பது அதன் பெயர். இடக்காலில் பாரம், வலக்கால் முன்னே வெளிப்புறம் திரும்பியிருக்கிறது. பயிற்சிக்கிடையே சற்று ஓய்ந்து நிற்கும் நிலை அது. ஓய்விலும் பாதம் பாடத்தை விடவில்லை!

பாரிசு நகரம் என்ன சொல்லிற்று? குரங்கு போலிருக்கிறாள் என்று எழுதினார்கள். மருத்துவக் காட்சிக்கூடத்தில் வைக்கத் தக்கவள் என்று எழுதினார்கள். தாழ்ந்த குடியின் தீக்குணம் முகத்தில் தெரிகிறது என்றும் எழுதினார்கள். பிறப்பை முகத்தில் படித்துக்காட்டும் அந்தக் கலை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று என்பதை இளைஞர்கள் குறித்துக்கொள்ளலாம். அவளுடைய காலைப் பற்றி எழுதியோர் சிலரே. அடுத்த ஆண்டே வகுப்புகளுக்கு வரவில்லை எனக் கூறி மரீயை ஓபராவிலிருந்து நீக்கினார்கள். அதன்பின் அவள் வரலாறு மறைந்துவிட்டது. அவள் தங்கை சார்லோத் அங்கேயே நிலைத்து, ஆடி, பின்னர் ஆசிரியையாகவும் உயர்ந்தாள். மெழுகுச் சிலை இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. அதன் வெண்கலப் படிகள் பல நாடுகளில் காவலுடன் நிற்கின்றன.

தெகாவை நான் புனிதராக்கிக் காட்டவில்லை. அவர் வங்கிக் குடும்பத்துப் பிள்ளை. முதுமையில் யூத மக்கள்மீது கடும் வெறுப்புக் கொண்டு, திரேபுஸ் வழக்கின்போது, 1897ஆம் ஆண்டளவில், பல்லாண்டு உணவிட்டு உறவாடிய அலெவி குடும்பத்தாரின் நட்பையே முறித்தார். சலவைக்காரியின் மகளுடைய காலில் உண்மையைக் கண்ட கண், அடுத்த வீட்டாரின் முகத்தில் மனிதரைக் காணவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தன. ஓவியத்தைப் போற்றுவதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை. இதற்காக ஓவியத்தைக் கிழிக்கவும் வேண்டியதில்லை.

அவர் இறந்தபின் பணிக்கூடத்தில் ஏராளமான மெழுகு, களிமண் உருவங்கள் கிடைத்தன, பல உடைந்திருந்தன. பார்வை மங்கிய காலத்தில் விரலால் தடவித் தடவிச் செய்தவை பல. அவற்றுள் எனக்கு மிக உவப்பானது, தன் வலது உள்ளங்காலைத் திரும்பிப் பார்க்கும் நடனக்காரியின் உருவம். ஒரே நிலையைப் பலமுறை செய்து பார்த்திருக்கிறார். அப்பெண் ஒற்றைக் காலில் நிற்கிறாள். பின்புறம் மடித்த மற்றக் காலைக் கையால் பற்றியிருக்கிறாள். முள் தைத்ததோ, கொப்புளமோ, நாம் அறியோம். அந்நிலையில் அவருக்காக நின்ற பெண்ணின் அனுபவம் 1919இல் ஒரு பிரெஞ்சு இதழில் வெளியாயிற்று. நெடுநேரம் ஒற்றைக் காலில் நிற்பது எத்துணைக் கொடிது என்பது அதில் தெரிகிறது. இங்கும் காண்போர் கண் தூக்கிய காலுக்கே செல்லும். நீங்கள் மற்றதைப் பாருங்கள். சற்றே மடிந்த முழங்கால், தளம் பற்றிய விரல்கள். எழும்பூரில் நிற்கும் திருமேனிக்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. பாரம் இறங்கும் வழி மட்டும் ஒன்றே.

நேரம் ஆகிவிட்டதெனத் தலைவர் சைகை காட்டுகிறார். இவ்வுரைக்குப் பின் நம் தம்பிமார் பறையாட்டம் நிகழ்த்துவார்கள்; பறைகளை வெளியே தீயில் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். தாளும் கரிக்கோலும் கொண்டு வந்துள்ள மாணவ மாணவியர் முன் வரிசைக்கு வந்து தரையில் அமருங்கள். அப்போதுதான் பாதம் கண்ணுக்கு நேராக இருக்கும். சலங்கையை வரையத் தொடங்கிவிடாதீர்கள். அஃது எளிது, ஏமாற்றிவிடும். அடவு மாறும்போது எந்தக் குதிகால் முதலில் மண்ணைத் தொடுகிறது என்பதைப் பாருங்கள். மைதானத்தில் புல் இல்லை.