பீரோவில் தூங்கும் வாட்ச்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பச் சந்திப்பில், பள்ளி ஆய்வக உதவியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை. அவர் கேட்டுக்கொண்டபடி பெயர் வெளியிடப்படவில்லை.)



ஓய்வுக்குப் பிறகு பொழுதை எப்படிப் பயனுள்ளதாக ஆக்குவது என்று பேசச் சொன்னார்கள். அது பெரிய விஷயம். எனக்குத் தெரிந்தது பொழுது காட்டும் கருவி மட்டும்தான். அதைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்து கொள்கிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். உங்களில் யார் வீட்டு பீரோவில் ஓடாத கை வாட்ச் இருக்கிறது? கையைத் தூக்குங்கள். பார்த்தீர்களா, பாதிக்கு மேல். அத்தா கட்டியது, மச்சான் சஃபரிலிருந்து கொண்டுவந்தது, கல்யாணத்தில் பெண் வீட்டார் போட்டது. கட்டவும் முடியாது, தூக்கிப் போடவும் மனம் வராது.

என் அத்தாவுடையது எச்.எம்.டி. ஜனதா. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் ஆரம்பித்த அரசுத் தொழிற்சாலையின் சரக்கு. அந்தக் காலத்தில் அரசு ஊழியர், ஆசிரியர், கடைக்காரர் என்று எல்லார் கையிலும் அதுதான். பிறகு பேட்டரி வாட்ச் வந்தது, விலை குறைந்தது, கீ கொடுக்கும் வாட்சைச் சீந்துவார் இல்லை. 2016-ல் அந்தப் பிரிவையே மூட அரசு முடிவெடுத்தது. நம் கடைத்தெருவில் ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே ஒரு பெரியவர், அவரும் கடையை எடுத்துவிட்டார். அவர் வீட்டுத் திண்ணையில்தான் நான் இதைக் கற்றுக்கொண்டேன்.

உள்ளே நடப்பது எளிமையானது. நீங்கள் கீ கொடுக்கும்போது ஒரு நீளமான எஃகுப் பட்டை சுருண்டு இறுகுகிறது. அதுதான் மெயின் ஸ்பிரிங். விட்டால் ஒரே மூச்சில் அவிழ்ந்துவிடும். அப்படி அவிழவிடாமல், சொட்டுச் சொட்டாக விடுவதற்குத்தான் மற்ற எல்லாப் பாகங்களும். பேலன்ஸ் வீல் என்று ஒரு சிறு சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடும். அதன் நடுவில் தலைமுடியை விட மெல்லிய ஹேர் ஸ்பிரிங். அது ஒவ்வொரு முறை ஆடும்போதும் பல்சக்கரத்தில் ஒரு பல்லுக்கு வழிவிடுகிறது. 'டிக்' என்று நாம் கேட்பது அந்தச் சத்தத்தைத்தான். ஜனதாவில் மணிக்கு 18,000 முறை, ஒரு நாளைக்கு 4,32,000 முறை. ஒரு நாளில் 86,400 விநாடிகள். அதில் இருபது முப்பது விநாடி பிந்தினால் நாம் குறை சொல்கிறோம்! நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் அத்தனை துல்லியமாக எந்தக் கருவியும் இருந்ததில்லை.

ஓடாத வாட்ச் எல்லாமே கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம். நம் ஆட்கள் ஜித்தாவிலிருந்தும் துபாயிலிருந்தும் கொண்டுவந்த சீக்கோ 5 வாட்ச்களில் பலவற்றுக்குக் கீ கொடுக்கும் வசதியே கிடையாது. கையில் கட்டி நடந்தால்தான் ஸ்பிரிங் ஏறும். "தலையைத் திருகித் திருகிப் பார்த்தேன், செத்துப்போச்சு" என்று ஒருவர் என்னிடம் கொடுத்தார். கையில் வைத்து முப்பது தடவை அசைத்தேன், ஓடிவிட்டது. அவர் என்னைப் பெரிய வித்தைக்காரன் என்று நினைத்துவிட்டார். நானும் மறுக்கவில்லை.

ஆனால் பெரும்பாலும் நோய் இதுதான்: எண்ணெய் காய்ந்து பிசினாகி, தூசியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அப்போது முழுவதும் பிரித்துக் கழுவ வேண்டும். பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்றைப் பெரியவர் முதல் நாளே சொன்னார். நான் தலையாட்டிவிட்டு மறந்தேன். ஸ்பிரிங்கில் உள்ள இறுக்கத்தை முதலில் இறக்க வேண்டும். கீ கொடுக்கும் தலையை விரலால் பிடித்துக்கொண்டு, கிளிக் என்ற சிறு தடுப்பை ஒதுக்கி, தலையை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றவிட வேண்டும். இதைச் செய்யாமல் உள்ளே கை வைத்தால், அடைத்துவைத்த விசை முழுவதும் ஒரு நொடியில் பாயும். என் முதல் வாட்சில் 'விர்ர்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சக்கரத்தில் பல் போய்விட்டது. நல்ல வேளை, அது அத்தாவின் வாட்ச் இல்லை, பழைய இரும்புக் கடையில் வாங்கியது.

கழுவுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பேலட் என்ற பாகத்தில் இரண்டு சிறிய சிவப்புக் கற்களை ஒட்டியிருப்பார்கள். எதனால் தெரியுமா? நம்ம அரக்குதான்! மரத்துக்கு மெருகேற்றும் அதே அரக்கு. அதை ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் அரக்கு கரைந்து கல் கழன்றுவிடும். எண்ணெய் விஷயம் இன்னும் மோசம். தேங்காய் எண்ணெய் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், தையல் மெஷின் எண்ணெயை ஊற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன். வாட்சுக்கென்றே எண்ணெய் உண்டு. ஊசி முனையில் எடுத்து, கல்லின் குழியில் பாதி நிறைந்தால் போதும். கூடினால் வழிந்து, இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போகும். ஹேர் ஸ்பிரிங்கில் ஒரு துளி கூடப் படக்கூடாது. பட்டால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, வாட்ச் தறிகெட்டு முந்தும். ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துக் காந்தம் ஏறினாலும் இதே கதிதான்.

இருட்டில் ஒளிரும் முட்கள் உள்ள மிகப் பழைய வாட்சைப் பிரிக்காதீர்கள், அந்தப் பூச்சைச் சுரண்டவே சுரண்டாதீர்கள். அந்தக் காலத்தில் அதில் ரேடியம் கலந்தார்கள். ஒளி மங்கிப் போயிருந்தாலும் ரேடியம் போகாது. இன்னொன்று, ஒளுச் செய்யும்போது பழைய வாட்சைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து முறை தண்ணீர். நான் பார்த்த துருவில் முக்கால்வாசி தலை வழியாக இறங்கியதுதான்.

இனி, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே வந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு ராத்தா. அவர் கணவர் பதினெட்டு வருடம் சஃபரில் இருந்தவர், ஊர் திரும்பிக் கொஞ்ச காலத்தில் மவுத்தாகிவிட்டார். அவருடைய வாட்சைக் கொடுத்து, "தம்பி, பேரனுக்குக் கொடுக்கணும். ஓட வச்சுத் தாங்க" என்றார். எனக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வாட்ச் ஓடவைத்த திமிர். இரவு பதினொரு மணிக்கு, கண் சோர்ந்த நேரத்தில், இன்னும் ஒரு திருகுதானே என்று உட்கார்ந்தேன். ட்வீசர் வழுக்கி ஹேர் ஸ்பிரிங்கில் மாட்டியது. இழுத்தேன். நூல்கண்டு சிக்கியது போல ஆகிவிட்டது.

அதே போன்ற வாட்ச் ஒன்றை வாங்கி, பாகத்தை மாற்றி, ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. அதற்கான வாட்சையும் வாங்கிவிட்டேன். நான்கு நாள் அது என் மேசையில் கிடந்தது. ஐந்தாம் நாள் இரண்டையும் எடுத்துக்கொண்டு ராத்தா வீட்டுக்குப் போனேன். அமானிதமாகக் கொடுத்ததை நான் கெடுத்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "வேற ஒருத்தர் வாட்சோட உயிரைப் போட்டா, இது அவங்க வாட்சுதானா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. "உங்களுக்கு எப்படிப் படுதோ அப்படி, ராத்தா" என்றேன்.

மூன்று மாதம் அப்படியே வைத்திருந்தார். பிறகு பேரனிடம் கொடுத்தனுப்பினார், மாற்றிவிடச் சொல்லி. கண்ணாடியில் உள்ள கீறலை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மாற்றினேன். கெட்டுப்போன பழைய பாகத்தைத் தீப்பெட்டியில் போட்டு அதோடு சேர்த்துக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு நாற்பது விநாடி பிந்துகிறது, அதற்கு மேல் என்னால் சரிசெய்ய முடியவில்லை. பையன் தினமும் ஃபஜ்ருக்கு எழுந்ததும் முள்ளைத் திருத்திக்கொள்கிறான்.

அன்றிலிருந்து ராத்திரி எட்டு மணிக்கு மேல் நான் ட்வீசரைத் தொடுவதில்லை.

கற்றுக்கொள்ள விருப்பமுள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு இந்த மண்டபத்தின் பின் அறைக்கு வாருங்கள். கண் லென்ஸ், ட்வீசர், சிறிய ஸ்க்ரூ டிரைவர்கள் நான் வைத்திருக்கிறேன். கை நடுங்குகிறதே என்று யாரும் தயங்க வேண்டாம். முழங்கை இரண்டையும் மேசையில் ஊன்றினால் பாதி நடுக்கம் நின்றுவிடும், எனக்கும் நடுக்கம் உண்டு. பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள், அவர்கள் கண் நமக்கு உதவும். பழைய சாமான் கடையில் கிடைக்கும் உதவாத வாட்ச் ஒன்றை மட்டும் கொண்டுவந்தால் போதும். அத்தாவின் வாட்ச் பீரோவிலேயே இருக்கட்டும். ஒரு வருடம் கழித்து அதை எடுப்போம்.